ராணுவ டாங்க் மாடல்: டைகாஸ்ட் வாங்கி வைக்கலாமா, கிட் வாங்கி ஒட்டலாமா?

ப்ரோ, டாங்க் மாடல் டைகாஸ்ட்டா வாங்குறதா, கிட் வாங்கி ஒட்டுறதான்னு கேட்டிருந்தீங்க. பெங்களூர்ல ஒரு ரூம்ல ரெண்டு பேரோட இருக்கேன்னும் சொல்றீங்க, அப்போ மொதல்ல இடத்தைப் பாருங்க. நான் அல்சூர்ல இருந்து எழுதுறேன், ரெண்டும் பண்ணிப் பாத்தாச்சு. டைகாஸ்ட்னா அச்சுல வார்த்த ரெடிமேட் உலோக மாடல், டப்பாவைத் திறந்து ஷெல்ஃப்ல வைக்க வேண்டியதுதான், கையில வெயிட்டா இருக்கும், ஆனா நிறைய வர்ற 1/72 சைஸ்ல (நெச டாங்க்ல 72-ல ஒரு பங்கு) ஒரு ஷெர்மன், அதான் ரெண்டாம் உலகப் போர் அமெரிக்க டாங்க், 8 செ.மீ. தான், அதுல பெயின்ட் கொஞ்சம் தடிமனா இருந்தாலே பொம்மை மாதிரி ஆயிடும்.

கிட்னா பிளாஸ்டிக் பாகங்களா வரும், நாமதான் ஒட்டி பெயின்ட் அடிக்கணும். சைஸ் 1/35, அதே ஷெர்மன் 17 செ.மீ. கிட்ட வரும். ஒட்டுறது ஈஸி, பெயின்ட்தான் ஆளைக் கொல்லும். நம்ம ஊர் மழைக்காலத்துல தின்னர்ல கரையுற லாக்கர் பெயின்ட் அடிச்சேன், ஈரத்துல வெள்ளையாப் பூத்துடுச்சு, மொத்தமும் அழிச்சு மறுபடி. அதனால ரூம்மேட் இருந்தா தண்ணில கரையுற அக்ரிலிக் பெயின்ட், பிரஷ், அவ்ளோதான், ஸ்ப்ரே நாத்தத்துக்கு சண்டை வரும்.

ஆனா சேறு, துரு எல்லாம் நம்ம கையாலயே பூசி, டாங்க் நெசமாவே ஓடி வந்த மாதிரி ஆக்குறதுல இருக்குற சுகமே வேற, அது டைகாஸ்ட்ல வராது. பழைய டைகாஸ்ட் வாங்குனா விரிசல் இருக்கான்னு பாருங்க, ஜிங்க் கலவையில ஈயம் கலந்திருந்தா தானா உதிர்ந்துடும், ஒட்டவும் முடியாது.