மலைச்சரிவில் வீடு கட்டப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் 8 சென்ட் நிலம் வாங்கியிருக்கிறோம். ரோட்டு ஓரத்திலிருந்து பின்னால் தேயிலைத் தோட்டம் வரை 60 அடி நீளம், அதற்குள் 12 அடி இறங்குகிறது. மொத்தமாக வெட்டி ஒரே மட்டமாக்கிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரிவோடு இறங்குகிற மாதிரி, பாதி மாடி வித்தியாசத்தில் இரண்டு தளமாகக் கட்டலாம் என்கிறான் என் மகன். எதைச் செய்வது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

60 அடிக்கு 12 அடி என்றால் 5 அடிக்கு 1 அடி இறக்கம். வீடு 40 அடி ஆழம், 30 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மட்டமாக வெட்டினால் ரோட்டுப் பக்கம் 8 அடி உயரத்துக்கு மண் செங்குத்தாக நிற்கும், சுமார் 48 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) மண் வெளியேற வேண்டும் (இது கட்டியாக இருக்கும்போது உள்ள அளவு, வெட்டி உதிர்ந்தால் இன்னும் கூடும்). அதையே 20 அடி, 20 அடியாக இரண்டு தளமாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று 4 அடி வித்தியாசம் வைத்தால் இரண்டு இடத்தில் 4 அடி மட்டும் வெட்டினால் போதும், மண்ணும் 24 யூனிட்தான், சரி பாதி.

ஆனால் மண் கூலி மிச்சமாவதைவிடப் பெரிய விஷயம், வெட்டிய மண் சரியாமல் தாங்கிப் பிடிக்கிற தாங்குசுவர். உயரம் இரண்டு மடங்கானால் சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 8 அடிச் சுவருக்குப் பின்னால் மழைநீர் முழுக்கத் தேங்கி நின்றால், தண்ணீர் மட்டுமே சுவரின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஏறத்தாழ 900 கிலோ விசையோடு தள்ளும், அதே 4 அடிச் சுவரில் 225 கிலோதான் வரும். மண்ணின் தள்ளல் இதற்கு மேல் தனி. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அங்கே இருப்பவர்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. மண்ணை எவ்வளவு குறைவாக வெட்டுகிறீர்களோ அவ்வளவு நிம்மதியாக ஐப்பசி, கார்த்திகையில் தூங்கலாம்.

இனி வீட்டுக்குள் வருவோம். 4 அடி வித்தியாசத்துக்கு 6 அங்குலப் படி எட்டு வைத்தால் சரியாக வந்துவிடும், வயதானவர்களும் சிரமமில்லாமல் ஏறலாம். ரோட்டுப் பக்கத்து மேல்தளத்தில் வாசல், ஹால், சமையலறை வையுங்கள். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்த கீழ்த்தளத்தில் படுக்கையறைகள். இரண்டு கூரைக்கும் நடுவே வருகிற 4 அடி இடைவெளியை வீணாக்காமல் நீள ஜன்னலாக்கிவிட்டால், ஒரே மட்ட வீட்டில் எப்போதும் இருட்டாகக் கிடக்கும் நடுப்பகுதிக்கு வெளிச்சம் கிடைக்கும். எனக்கு இந்த வகை வீடுகளில் மிகவும் பிடித்தது அந்த ஜன்னல்தான்.

கவனம் வேண்டிய இடம் இரண்டு தளமும் சந்திக்கிற சுவர். கீழ்த்தளத்தில் நின்று பார்த்தால் அந்தச் சுவரின் கீழ் 4 அடிக்குப் பின்னால் மண் இருக்கும். சுவரின் மண் பக்கத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு, அதற்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி, அடியில் துளையிட்ட குழாய், அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே போய்த் திறந்த இடத்தில் முடிய வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் உங்கள் ஊர்க் குளிரில் சுவர் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் உள்பக்கம் எத்தனை பெயின்ட் அடித்தாலும் நிற்காது. எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பீரோவையும் கட்டிலையும் அந்தச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். படிக்கட்டையும் ஸ்டோர் ரூமையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

அடித்தளத்துக்கு ஒரு விதி உண்டு. மேல்தளத்து அடித்தளத்தின் கீழ் விளிம்பிலிருந்து கீழ்த்தளத்து அடித்தளத்தின் கீழ் விளிம்புக்கு ஒரு கோடு போட்டால், அது 2 அடி தள்ளி 1 அடி இறங்குவதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. இருந்தால் மேல்தளத்தின் பாரம் நடுச்சுவர் மேல் சாயும். இடம் போதாவிட்டால் மேல்தளத்து அடித்தளக் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டி இறக்க வேண்டியதுதான். வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டி அதன் மேல் அடித்தளம் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

செலவு கேட்டால், படி, கூடுதல் சுவர், நீர்த்தடுப்பு எல்லாம் சேர்ந்து கட்டட வேலை கொஞ்சம் ஏறும். பெரிய தாங்குசுவரும் மண் வேலையும் குறைவதால் பெரும்பாலும் அது ஈடுகட்டிவிடும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, ஆகவே தைக்குப் பிறகு மண்ணில் கைவைத்து கோடை மழை வலுக்கும் முன் தாங்குசுவர் வேலையை முடித்துவிடுங்கள். நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது, மண் தோண்டும் இயந்திரத்தை இறக்கவும் முன் அனுமதி வேண்டும். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து கணக்கிடுவார்கள் என்பதை வரைபடம் போடும் முன்னாலேயே கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு தள வீட்டில் கடைசியில் சிக்கல் வருவது அங்கேதான்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. இப்படிப்பட்ட வீடு அவருக்கு ஒத்துவருமா? சாய்தளம் போட்டுவிடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வீட்டுக்குள் சாய்தளம் நடக்காது அம்மா. 12-க்கு 1 என்பதுதான் ஏறத் தோதான சரிவு, 4 அடி ஏற 48 அடி நீளம் வேண்டும், திரும்புமிடம் தனி. அதற்குப் பதில் அம்மாவின் படுக்கையறை, குளியலறை, சமையலறை, பூஜை இடம், வாசல் இவ்வளவும் ஒரே மட்டத்தில் வரும்படி வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைகள் அறையும் விருந்தினர் அறையும் கீழே போகட்டும். படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்பக்கக் கருங்கல் தாங்குசுவர் நடுவில் வயிறு தள்ளியது போல் இருக்கிறது. தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்கள், ஆனால் மழையிலும் அவை காய்ந்தே கிடக்கின்றன. நல்லதுதானே?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: நல்லதில்லை. மழை பெய்து சுவர் ஈரமாக இருக்கும்போது துளை மட்டும் காய்ந்திருந்தால், பின்னால் ஜல்லி போடாமல் களிமண்ணையே நிரப்பித் துளை அடைத்துக்கொண்டது என்று பொருள், தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. சுவர் உப்பியதும் அதனால்தான் இருக்க வேண்டும். மேலே போய், சுவருக்கு இணையாகத் தரையில் விரிசல் ஓடுகிறதா, மரமோ வேலிக்கம்பமோ சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கத்து அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரை உடனே வரவழையுங்கள். மேலிருந்து வரும் மழைநீரைச் சுவருக்கு வரவிடாமல் ஒரு கால்வாய் வெட்டித் திருப்புங்கள், சிமென்ட் பூசிய கால்வாயாக இருக்கட்டும், வெறும் மண் கால்வாய் தண்ணீரை உள்ளேதான் இறக்கும். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி சுவருக்கு மேலே இருந்தால் அதையும் இடம் மாற்ற வேண்டும்.

கேள்வி: வெட்டவே வேண்டாம் என்று தூண் மேல் வீடு கட்ட யோசனை. மேல்பக்கத் தூண் 4 அடி, கீழ்ப்பக்கத் தூண் 8 அடி. எல்லாம் ஒரே அளவில் போடலாமா?
– வாசகர், வால்பாறை

பதில்: யோசனை நல்லது, மண்ணைத் தொடாமல் விடுவது எப்போதும் நல்லதுதான். ஆனால் பயப்பட வேண்டியது குட்டைத் தூணுக்கு. ஒரே குறுக்களவில் பாதி உயரத் தூண் எட்டு மடங்கு விறைப்பாக இருக்கும், நிலம் அதிரும்போது பக்கவாட்டு விசையில் பெரும்பங்கு அதன் மேல்தான் விழும், நெட்டைத் தூண் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். ஆகவே குட்டைத் தூணில் வளையக் கம்பிகளை மேலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் கட்ட வேண்டும், அடித்தளங்களையும் உத்திரங்களால் இணைக்க வேண்டும். இதை மேஸ்திரி கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது, பொறியாளர் கணக்குப் போட்டுக் கம்பி விவரத்தோடு வரைபடம் தரட்டும்.

கேள்வி: எங்கள் மனை தென்மேற்கில் இறங்குகிறது, வாஸ்துப்படி அங்கே உயரமாக இருக்க வேண்டுமாம். மண் கொட்டி உயர்த்தலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: கூடாது. கொட்டிய மண் வருடக் கணக்கில் அமுங்கும், மழையில் நகரும், அதன் மேல் வீடும் சேர்ந்து நகரும். மனதுக்குக் குறையாக இருந்தால் தென்மேற்குப் பகுதியின் கூரையைச் சற்று உயர்த்தியோ தண்ணீர்த் தொட்டியை அந்த மூலையில் வைத்தோ சரிசெய்துகொள்ளுங்கள், நிலத்தை விட்டுவிடுங்கள்.