ஆர்.ஆர். சபாவும் ஆறு மணி கேட்டும் – ஒரு கடிதம்

அன்புள்ள மேடம்,

வணக்கம். திருச்சி பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அங்கேயே விடுதியில் தங்கிப் படித்தும் ரசிக ரஞ்சன சபாவுக்குள், அதாவது ஆர்.ஆர். சபாவுக்குள், ஒருநாளும் நுழைந்ததில்லை என்று. என்னால் நம்ப முடியவில்லை. இசையைப் பற்றி இவ்வளவு எழுதுகிற உங்களுக்கு அந்தப் பக்கம் போகத் தோன்றவே இல்லையா?

நான் 1979 முதல் 1982 வரை செயின்ட் ஜோசப்பில் படித்தேன். கிளைவ் ஹாஸ்டல் வாசம். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு நானும் அறை நண்பனும் சபாவுக்கு நடந்தே போவோம். டிக்கெட்டுக்குக் காசு இருக்காது. கச்சேரி முடியப்போகும்போது, துக்கடா தொடங்குகிற நேரத்தில் போனால் வாசலில் இருப்பவர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். நண்பன் தப்பாகத் தாளம் போடுவான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி அவன் கையைப் பிடித்து நிறுத்தியதும் உண்டு. போன வருடம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். மகன் திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது அவனை ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். பாதி நாற்காலி காலி, மீதியெல்லாம் நரைத்த தலை. மைக் இரைச்சல் வேறு. பையன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காதே இல்லை. டிசம்பரில் மறுபடி வருகிறேன். இவனைத் திருச்சியில் எங்கே கூட்டிப்போனால் கொஞ்சமாவது இசை ஒட்டும்?

அன்புடன்,
ச., மஸ்கட்

*

அன்புள்ள ச.,

உங்கள் நண்பரைப் பற்றி எழுதிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தப்பாகத் தாளம் போடுகிறவர்கள் என் கட்சி. சரியாகப் போடுகிறவர் பாதிக் கச்சேரி தன் விரலை எண்ணிக்கொண்டிருப்பார், மீதிப் பாதி பக்கத்து நாற்காலிக்காரரின் விரலை. உங்கள் நண்பர் பாட்டைக் கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் அவர் கையைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

மைக் இரைச்சலை விடுங்கள். அதைப் பற்றி எல்லாரும் எழுதி ஓய்ந்தாயிற்று. பாடகர் மேடையிலிருந்து கையை உயர்த்துவதும், ஒலிபெருக்கிக்காரர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மிருதங்கத்தைக் கூட்டுவதும் நம் சபாக்களில் நிரந்தர நிகழ்ச்சி.

'தோன்றவே இல்லையா' என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதில். தோன்றியது. தினமும் தோன்றியது. எங்கள் விடுதிக் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். கச்சேரி ஆறரைக்கு.

நீங்கள் படிப்பை முடித்துக்கொண்டு போன மறுவருடம் நான் திருச்சிக்கு வந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லாப் பெண்கள் விடுதியும் ஏறக்குறைய அப்படித்தான். சபா இருந்த மேலப்புலிவார்டு ரோடு எங்களுக்கும் நடக்கிற தூரம்தான். சுவரொட்டியில் யார் பாடுகிறார்கள், யார் வயலின், யார் மிருதங்கம் என்று படித்துக்கொண்டே காலையில் கடந்துபோவோம். நீங்கள் மூன்று வருடம் அந்தத் தெருவில் ராத்திரி நடந்திருக்கிறீர்கள். உங்கள் வயதுப் பெண் ஒருத்தி எட்டு மணிக்குத் தனியாக எதிரே வந்து ஒருநாளாவது பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்பதே அப்போது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அதற்காக உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்தும் 'போகத் தோன்றவில்லையா' என்று கேட்டால் கோபம் வருகிறது, என்ன செய்ய.

இதில் ஒரு கூத்தைக் கவனியுங்கள். எம்.எஸ்., டி.கே. பட்டம்மாள், எம்.எல். வசந்தகுமாரி மூவரும் தமிழ்நாட்டின் பெரிய மேடைகளையெல்லாம் ஆண்டவர்கள். ஒரு பெண் மேடையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பாடலாம், ஊரே கைதட்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கீழே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்றால் மட்டும் அப்பாவோ அண்ணனோ கூட வர வேண்டும்.

ஆகவே என்னுடைய திருச்சியில் சபா கிடையாது. என் அரங்கம் விடுதியின் மொட்டைமாடி.

பின்தெருவில் ஒரு மாரியம்மன் கோவில். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பந்தல் போட்டு மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். மாலை நான்கு மணிக்கே மூங்கில் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர் ஏறிவிடும். அதில் ஒன்று எங்கள் சுவரைப் பார்த்து இருக்கும். 'ஹலோ, மைக் டெஸ்ட்' கேட்டதும் நாங்கள் துணி எடுக்கிற சாக்கில் மேலே போய்விடுவோம். உலர்ந்த பாவாடைகளையும் தாவணிகளையும் கொடியிலேயே விட்டுவிட்டு அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வோம். மேடை தெரியாது. முதலில் பாங்கோஸ் வந்து சேரும், குரல் காற்று வீசுகிற பக்கத்தைப் பொறுத்து வரும், போகும். இளையராஜா பாட்டுகள்தான் பாதிக்கு மேல். அந்தக் குழுவில் புல்லாங்குழலுக்கு ஆள் இல்லை. இடையிசையில் குழல் வரவேண்டிய இடத்தில் ஆர்கன்காரர் ஏதோ ஒப்பேற்றுவார். அந்த இடத்தை மட்டும் மாடியில் நாங்கள் மெல்ல முனகி நிரப்பிவிடுவோம். எங்களில் ஒருத்தி நாதசுரக்காரர் வீட்டுப் பெண், ஒரு கமகம் கூட விடமாட்டாள்.

ஒருமுறை மெஸ் ஆயாவிடம் ஒரு சீட்டும் இரண்டு ரூபாயும் கொடுத்து மேடைக்கு அனுப்பினோம். அரைமணி நேரம் கழித்து அறிவிப்பாளர், எக்கோவை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு, 'அடுத்ததாக, மகளிர் விடுதி மாணவியர் விரும்பிக் கேட்ட பாடல்… பாடல்… பாடல்' என்று ஊருக்கே சொன்னார். வார்டனுக்கும்தான். பல்லவி திரும்பி வருவதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். நாங்கள் துணிகளுக்குள் ஒடுங்கினோம். அவர் படி முடிகிற இடத்தில் நின்றார். விளக்கைப் போடவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்கிறவரை நின்றிருந்தார். அப்புறம்தான் விளக்கைப் போட்டு, 'எல்லாரும் கீழே போங்க' என்றார். மறுநாள் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. அந்த அம்மாள் எங்களை விட எத்தனையோ வருடம் கூடுதலாக அதே கேட்டுக்குள் இருந்தவர். அவர் எப்போது கடைசியாக ஒரு கச்சேரியில் போய் உட்கார்ந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வெளியே போக ஒரு வழி உண்டு. லோக்கல் கார்டியன் கையெழுத்துப் போட்ட கடிதம். எனக்கு ஶ்ரீரங்கத்தில் ஒரு சித்தி. அவள் புண்ணியத்தில் ஒரு கல்யாணத்தில் நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆந்திராவின் கரவதியில் பிறந்து ஶ்ரீரங்கத்தில் வந்து தங்கி, 1982-இல் அங்கேயே ஒரு நாகஸ்வரப் பள்ளியையும் தொடங்கியவர். நாகஸ்வரத்தில் சீவாளிகள் கொத்தாகத் தொங்கின. ஒன்றை எடுத்து உதட்டில் ஈரப்படுத்தி ஊதிப் பார்த்தார், பிடிக்கவில்லை, இன்னொன்றை எடுத்தார். அதற்குள் தவில்காரர் விரல் கூடுகளைச் சரிசெய்துகொண்டார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் காபி எங்கே என்று கேட்டுக்கொண்டு நடமாடினார்கள். கல்யாணி ராகம் ஆரம்பித்தது. சித்தி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள், நான் நகரவில்லை. 1998-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தபோது, அந்தக் கல்யாணத்தில் காபி கேட்டவர்களில் எத்தனை பேருக்கு நினைவு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, உங்கள் மகன். அவனுக்குக் காது இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அபாண்டம். அந்தப் போனில் அவன் என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்று விசாரித்தீர்களா?

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கல்லூரி ஊரில் இசை தழைப்பதற்கு ரசனை இரண்டாம் பட்சம். முதலில் தூரம். அப்புறம் நேரம். 1914-இல் அந்த ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கிய எஃப்.ஜி. நடேசய்யர் ரயில்வே அதிகாரி. ஊரே ரயில்வே ஊழியர்களாலும் வாத்தியார்களாலும் வக்கீல்களாலும் ஆனது. ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போய் முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு, சைக்கிளில் வந்து சேர்ந்தால் கச்சேரி ஆரம்பிக்கச் சரியாக இருக்கும். அதே நடேசய்யர்தான் பாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனைப் பிடித்து அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏற்றினார். அந்தப் பையன் பிற்பாடு எம்.கே. தியாகராஜ பாகவதர் ஆனான். பையன் பாடினான், சபாக்காரர் காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே ஊருக்குள், ஒருவர் குரல் இன்னொருவருக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தார்கள்.

உங்கள் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு வந்து, மலைக்கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்தது. ஹாஸ்டலை விட்டு இறங்கினால் தெப்பக்குளம். கோட்டை அகழியைத் தூர்த்துப் போட்ட சாலையில் கொஞ்சம் நடந்தால் சபா. எதிர்ப்பக்கம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் ஏறினால் ஶ்ரீரங்கம். நீங்கள் தேடிப்போய் ரசிகர் ஆகவில்லை. ஆகாமல் இருப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் மகனின் திருச்சியைப் பாருங்கள். 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு கதவைத் திறந்துவிட்டது. அவற்றுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். ஊருக்குள் ஏது? சென்னை சாலையிலும் புதுக்கோட்டை சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் பொட்டலாகக் கிடந்த இடங்களில் கட்டினார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் திருச்சி. பிள்ளைகள் காலை ஏழு மணிக்குக் கல்லூரிப் பஸ்ஸில் ஏறுகிறார்கள், இருட்டுகிற நேரத்துக்கு வீடு. விடுதிப் பிள்ளைகள் என்றால் அதுவும் இல்லை. கேட், கண்காணிப்புக் கேமரா, அவுட்பாஸ், அப்பாவுக்குக் குறுஞ்செய்தி. நாலு வருடம் திருச்சியில் படித்துவிட்டு மலைக்கோட்டை ஏறாத பையன்களை எனக்குத் தெரியும். அவர்கள் திருச்சியில் படிக்கவில்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் படித்தார்கள்.

எங்களை வைத்திருந்த மாதிரியே இப்போது பையன்களையும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பெண்பிள்ளைகளைப் பூட்டி வைத்தபோது அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர், யாரும் கடிதம் எழுதவில்லை. பையன்களையும் பூட்டியதும் ரசனை செத்துப்போச்சு என்று கூக்குரல். சபாவில் நரைத்த தலைகள் மட்டும் இருப்பது ஏன் என்று வியந்திருக்கிறீர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்ப யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாதவர்கள் இன்றைக்கு அவர்கள் மட்டும்தானே.

துவாக்குடி ஆர்.இ.சி.யும் (இன்றைய என்.ஐ.டி.) அப்போதே ஊருக்கு வெளியில்தானே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அது பெரிய வளாகம், மாணவர்கள் கையில் கொஞ்சம் சுதந்திரமும் இருந்தது, எழுபதுகளிலேயே ஃபெஸ்டம்பர் என்று தங்களுக்கு ஒரு திருவிழாவை உண்டாக்கிக்கொண்டார்கள். உங்கள் மகன் கல்லூரியில் கலைவிழா என்றால் பெரும்பாலும் சினிமா நடிகர் ஒருவர் ஹெலிகாப்டரிலோ காரிலோ வந்து கையசைத்துவிட்டுப் போவதாக இருக்கும். பிள்ளைகள் தாங்களே வாசித்து, தாங்களே சொதப்பி, தாங்களே கேட்கிற ராத்திரி ஒன்று வேண்டும். அதற்குக் கேட் திறந்திருக்க வேண்டும். மறுபடி அங்கேயே வந்துவிட்டேன், மன்னியுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு வேறு வாக்கியம் வருவதில்லை.

டிசம்பரில் எங்கே கூட்டிப்போவது என்று கேட்டிருந்தீர்கள். சபாவில் முன்வரிசையில் உட்கார வைத்து நீங்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், யாருக்கும் பாட்டு ஏறாது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வருகிறீர்கள் என்றால் பகல்பத்து நாட்களில் ஒருநாள் ஶ்ரீரங்கம் போங்கள். அரையர்கள் கைத்தாளத்தோடு பாசுரம் சேவிப்பதைக் கேட்கலாம். அவனுக்குச் சலித்தால் எழுந்துபோகட்டும். காரில் கூட்டிப்போகாதீர்கள், சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் ஏறுங்கள். இன்னொரு நாள் அவனுக்குப் பிடித்த பாட்டுக்காரர் யார் வந்தாலும், நீங்கள் அவனோடு போய் நின்று கேளுங்கள். தாளம் தப்பினாலும் பரவாயில்லை.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். விடுதியில் அவனுக்கு அவுட்பாஸ் எத்தனை மணி வரை, உடன் படிக்கிற பெண்களுக்கு எத்தனை மணி வரை என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போம்.

அன்புடன்