தாத்தாவின் ஒமேகாவைத் தேடி: தோஹாவிலிருந்து பணம் அனுப்பும் முன்

கேள்வி: எனது ஊர் தலவாக்கலை. ஆறு வருடங்களாகத் தோஹாவில் வேலை செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த தாத்தாவின் ஒமேகா சீமாஸ்டர் கைக்கடிகாரத்தை அப்பா எங்கள் படிப்புச் செலவுக்காக விற்றுவிட்டார். அதேபோல் ஒன்றை வரும் சித்திரைப் புத்தாண்டில் அப்பாவின் கையில் கட்டிவிட ஆசை. பழைய கடிகாரங்கள் விற்கும் கண்டிக் கடையொன்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "1955ஆம் ஆண்டு, எல்லாம் ஒரிஜினல்" என்கிறது. விலை 285,000 ரூபா. முழுப் பணத்தையும் வங்கியில் போடச் சொல்கிறார்கள். தம்பி ஹட்டனில் இருக்கிறான். கடையை எப்படி நம்புவது? ஏமாந்தால் சட்டம் கைகொடுக்குமா?

பதில்: கைகொடுக்கும். ஆனால் அதற்கான வேலையைப் பணம் கைமாறுவதற்கு முன்பே நீங்கள் செய்துவிட வேண்டும்.

இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன பொருள் என்று விபரித்து விற்றால், கொடுப்பதும் அதுவாகவே இருக்க வேண்டும். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். "எல்லாம் ஒரிஜினல்" என்ற அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அதைச் சான்றாக முன்வைக்கலாம். இருந்தாலும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவதற்கு அது ஈடாகாது. "கைக்கடிகாரம் - 1" என்று மட்டும் எழுதிய துண்டுடன் வருபவருக்காக வாதாடுவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். மாடல், மெஷினில் பொறித்த இலக்கம், டயல் பழையதா மறுபடி வர்ணம் பூசியதா, முள்ளும் சாவி கொடுக்கும் குமிழும் மாற்றப்பட்டவையா, இவ்வளவையும் எழுதிக் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் "டயல் மாற்றியதுதான்" என்று எழுதித் தரத் தயங்கமாட்டார். மழையும் பனியும் மாறி மாறி வரும் நம் மலைகளில் டயல் புள்ளி விழுந்து மாற்றப்படுவது சாதாரணம். அதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

மூடியைக் கழற்றி எடுத்த படத்தையும், டயலின் அடிப்பகுதியை நெருங்கி எடுத்த படத்தையும் கேளுங்கள். ஆறு மணிக்குக் கீழே பொடியாக 'ஸ்விஸ் மேட்' என்றிருக்கும். அதன் இரு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிர டிரிடியம் பூசப்பட்ட டயல் அது. அந்தக் குறி 1960களில் வந்த வழக்கம். அப்படியானால் 1955 என்று சொல்லும் கடிகாரத்துக்கு அந்த டயல் பின்னாளில் ஏறியது. இதில் பெரிய இடங்களும் தவறியிருக்கின்றன. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம்போன ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்று 2023இல் ஒமேகா நிறுவனமே சொன்னது. ஆகவே கடையின் பெயரையும் அலங்காரத்தையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களை நான் மிகவும் எச்சரிப்பது காலக்கெடுவைப் பற்றித்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். டிசம்பரில் வாங்கி, தம்பி அதை அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்து, சித்திரைக்கு நீங்கள் வந்து திறந்து பார்க்கும்போது அந்தக் காலம் கடந்திருக்கும். திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அப்படியே: குறை சொல்லாமல் நெடுநாள் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும், பிறகு நட்டஈடு மட்டுமே கேட்கலாம். வாங்கிய அன்றே, கடையோடு தொடர்பில்லாத ஒரு கடிகாரம் திருத்துபவரிடம் தம்பி அதைத் திறந்து காட்டட்டும்.

முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். சிறு முற்பணம் போதும். மீதியைத் தம்பி நேரில் பார்த்தபின் கொடுக்கலாம். வங்கிக் கணக்கு கடையின் வியாபாரப் பதிவில் உள்ள பெயரில் இருக்க வேண்டும். யாரிடமிருந்து வாங்கிய கடிகாரம் என்றும் கேளுங்கள், ஏனெனில் களவுபோன பொருளாக இருந்தால் நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் அதை உரிமையாளரிடம் இழக்க நேரும். பற்றுச்சீட்டு தம்பியின் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் பெயரில் இருந்தால், வழக்கென்று வரும்போது உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பும் அலைச்சல் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை நடந்தால், முதலில் கடைக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, மாவட்டச் செயலகத்திலுள்ள நுகர்வோர் விவகார அதிகாரசபை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களின் உடனடித் தொலைபேசி இலக்கம் 1977. விசாரித்தபின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, நட்டஈடு செலுத்தவோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு பணத்தை வாங்கிக்கொண்டு கடிகாரமே தராவிட்டால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதல். வங்கிச் சிட்டையோடு உடனே பொலிஸுக்குப் போங்கள்.

இன்றே அந்தக் கடைக்கு எழுதி, பற்றுச்சீட்டில் என்னென்ன விபரம் வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் பணம் அனுப்பாமல் சித்திரை விடுமுறையில் அப்பாவோடு கண்டிக்குப் போங்கள். தாத்தாவின் கையில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தவர் அவர்தானே.