மொத்த மதிப்பெண்ணில் தெரியாத முன்னேற்றம்

குடியாத்தத்திலிருந்து எழுதியுள்ள அம்மா அவர்களுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படிக்க விரும்புவதாகவும், பயிற்சித் தேர்வுகளில் மதிப்பெண் உயராததால் சோர்ந்துபோய்ப் புத்தகத்தைத் தொடவே மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இலக்கில் தவறில்லை, ஆனால் நீட் தேர்வுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கையில், அதுவரை மகிழ்வதற்கு எதுவுமே இல்லையென்றால் எந்தப் பிள்ளைதான் தாக்குப்பிடிக்கும்?

அத்தேர்வில் 180 வினாக்களுக்கு 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 கழியும் என்பதால், தவறாகப் போன ஒரு வினாவைச் சரியாக்கினால் 5 மதிப்பெண் கூடுகிறது. சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்து இயற்பியலில் நான்கு கணக்குகளை இழந்த மாணவி, அடுத்த முறை அத்தகைய கணக்குகளைச் சரியாகப் போட்டால் அதில் மட்டுமே 20 மதிப்பெண்ணை மீட்கிறாள். அதே தேர்வில் உயிரியல் வினாக்கள் கடினமாக அமைந்துவிட்டால் மொத்த மதிப்பெண் அசையாமலே இருக்கக்கூடும். மொத்தத்தை மட்டும் கேட்கும் வீட்டில் அவள் மீட்டது யார் கண்ணிலும் படாது. ஆகவே தவறுகளுக்கென்று தனி நோட்டு ஒன்று போடச் சொல்லி, ஒவ்வொன்றும் பாடம் புரியாததால் வந்ததா, கவனக்குறைவா, நேரம் போதாமையா என்று அவளையே பிரித்து எழுதச் செய்யுங்கள். எந்தத் தவறு அடுத்தடுத்த இரண்டு தேர்வுகளில் திரும்ப வரவில்லையோ, அதைக் கொண்டாடுங்கள்.

கொண்டாட்டம் என்றதும் கைப்பேசி வாங்கித் தருவதாகப் பேரம் பேசிவிடாதீர்கள். நம் பக்கத்துப் பெற்றோர் பலர் வழுக்கும் இடம் இதுதான். பரிசு பெரிதாகப் பெரிதாகப் பிள்ளையின் கவனம் பாடத்தை விட்டு விலகிவிடும். ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வந்து, "அலகு மாற்றுவதில் இம்முறை ஒரு தவறுகூட இல்லையே" என்று காரணத்தையும் சொல்லிக் கொடுத்தாலே போதும். செய்யாத முயற்சிக்குப் பாராட்டு வேண்டாம், அது பொய் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம், அடுத்த முறை மதிப்பெண் குறைந்தால் அங்கே அத்தனை பேருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த மாதம் இயற்பியலின் 45 வினாக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அந்த நோட்டுடன் அவளை அழைத்து வந்தால், எந்தத் தவறுகள் நின்றுவிட்டன என்பதை மூவருமாகப் பார்த்த பிறகு வேதியியலைத் தொடங்கலாம்.