முதலில் பாஸைக் கேளுங்கள்: ஜாஸ் பியானோ கேள்வி பதில்

ஜாஸ் பியானோக் கலைஞர்கள் தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோ வாசித்த பதிவுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

சேலம் வாசகர்: சார், ஜாஸ் எனக்குப் புதுசு. பியானோ பிடிக்கும். எங்கிருந்து தொடங்குவது? ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.

பில் எவன்ஸ் டிரியோவின், அதாவது மூவர் குழுவின், 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்று நிலத்தடியில் ஒரு சின்ன கிளப் இருக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, அங்கே மதியமும் இரவுமாக ஐந்து செட் வாசித்தார்கள். எல்லாவற்றையும் டேப்பில் எடுத்து, இரண்டு எல்பியாக வெளியிட்டார்கள். பியானோ எவன்ஸ், டிரம்ஸ் பால் மோட்டியன், பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் ஸ்காட் லஃபாரோ. லஃபாரோவுக்கு அப்போது வயது 25. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, கார் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு எவன்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை.

தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பியானோவும் பாஸும் மட்டும், மூன்று எண்ணிக்கையில் போகும். அப்புறம் டிரம்ஸ் உள்ளே வரும்போது எண்ணிக்கை நான்காகிவிடும். அந்த இடம் வரைக்கும் பியானோவை மறந்துவிட்டு பாஸை மட்டும் கேளுங்கள். லஃபாரோ பின்பாட்டுப் பாடவில்லை. எவன்ஸ் ஒரு வரி சொன்னால் இவர் குறுக்கே ஒன்று சொல்கிறார். சில இடத்தில் பதிலே சொல்லாமல் விடுகிறார். அவர் விட்ட இடம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. மூன்று பேர் பேசுவதில் ஒருவரின் வாயைப் பொத்திவிட்டுக் கேட்டதுபோல ஆகும்.

திருச்சி வாசகர்: நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த வேன்கார்ட் பதிவில் கிளாஸ் உரசும் சத்தம், யாரோ பேசுவது எல்லாம் கேட்கிறது. என் ஃபைலில் கோளாறா?

கோளாறு இல்லை. மேஜை போட்டு குடித்துக்கொண்டிருந்தவர்கள். பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் அந்தப் பதிவு வேண்டாம்.

கோவை வாசகர்: கீத் ஜாரட்டின் கோல்ன் கச்சேரி பற்றி வாட்ஸாப்பில் ஒரு கதை சுற்றுகிறது. உடைந்த பியானோவில் வாசித்து உலக சாதனை படைத்தாராமே, உண்மையா?

'உடைந்த' இல்லை. கதையின் எலும்பு உண்மை, சதையெல்லாம் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வைத்தது. 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகர ஆபரா ஹவுஸ். ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ் என்ற பதின்வயதுப் பெண். ஜாரட் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதிலாக ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன போசன்டார்ஃபர் பியானோ மேடைக்கு வந்துவிட்டது. மேல் சுரங்கள் தகரம் தட்டியதுபோல, கீழ்ச் சுரங்களில் வலு இல்லை, பெடலும் சரியில்லை. முடியாது என்று கிளம்பியவரை அந்தப் பெண்தான் பேசி நிறுத்தினார். வாசிக்க ஆரம்பித்தபோது இரவு பதினொன்றரை.

இனி காதால் கேளுங்கள். முதல் பகுதியில் நிமிடக்கணக்காக இரண்டே கார்டுகளில், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கொத்துகளில், இடது கை உருண்டுகொண்டே இருக்கும். கீழே பலம் இல்லாத பியானோவில் ஒரு அடி அடித்து விட்டுவிட்டால் ஒலி நீடிக்காது, திரும்பத் திரும்ப அடித்தால்தான் நீடிக்கும். வலது கையும் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே சுற்றும். மோசமான பியானோ அவரை மேதையாக்கவில்லை. எங்கே போகக் கூடாது என்று காட்டியது, அவ்வளவுதான்.

என் சொந்தக் கதை ஒன்று. இதை நான் முதலில் கேட்டது கேசட்டில். பாட்டுப் பதிவு செய்து தரும் ஒரு கடையில் 60 நிமிடக் கேசட் கொடுத்தேன். முதல் பகுதி 26 நிமிடம். மிச்சமிருந்த நான்கு நிமிடத்தில் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தைப் போட்டு, டேப் தீர்ந்ததும் வெட்டிவிட்டு, மறுபக்கத்தில் அடுத்த எல்பி பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். அந்த வெட்டை ஜாரட்டின் துணிச்சல் என்று பல வருஷம் நண்பர்களிடம் விளக்கியிருக்கிறேன்.

ஈரோடு வாசகர்: ஜாஸ் பியானோவுக்கு நல்ல தொடக்கம் எது?

சேலம் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறேன். இந்த ஜாஸ்காரர்கள் மனோதர்மம், அதாவது மேடையிலேயே செய்யும் கற்பனை, என்று சொல்வது ஏற்கெனவே எழுதிய கார்டுகளுக்குள் ஓடுவதுதானே? கூண்டுக்குள் பறப்பதை ராக ஆலாபனையோடு எப்படி ஒப்பிடுவது?

ஆலாபனையோடு ஒப்பிடாதீர்கள், ஒரே வரியைத் தாளத்துக்குள் விரித்துப் பாடும் நிரவலோடு ஒப்பிடுங்கள். 'பாடி அண்ட் சோல்' என்று ஒரு பழைய பாட்டு, ஜானி கிரீன் மெட்டமைத்தது. 32 பார் (நான்கு எண்ணிக்கை ஒரு பார்), எட்டெட்டாக நான்கு துண்டு. வாசிப்பவர் அந்த 32 பாரைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருவார், ஒரு பெரிய ஆவர்த்தனம் மாதிரி. வழக்கமாக இதை ஒன்றரைக் கட்டையில் வாசிப்பார்கள். மூன்றாவது துண்டு வந்ததும் இரண்டு கட்டைக்கு ஏறும். நாலு பார் கழித்து ஒரு கட்டைக்கு இறங்கும். அங்கிருந்து நெளிந்து நெளிந்து மறுபடி ஒன்றரைக்கு வந்து சேரும். நடுப்பாட்டில் யாரோ தம்புராவை மாற்றிச் சுருதி சேர்ப்பதுபோல, ஒவ்வொரு சுற்றிலும். அதற்குள் தடுக்கி விழாமல் புதுசாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கூண்டின் கம்பிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

மயிலாப்பூர் வாசகர் மறுபடியும்: சுருதி மாறினால் அது ஒரு பாட்டா, மூன்று பாட்டா? போகட்டும். பியானோவில் சுரத்தை அசைத்து இழுக்கும் கமகம் கிடையாதே. சுரங்கள் எல்லாம் தனித்தனிப் பெட்டி.

இது நல்ல அடி. கிடையாதுதான். ஆனால் தெலோனியஸ் மங்க் என்ன செய்தார் என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளைச் சேர்த்து நசுக்குவார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, பியானோவில் இல்லாத சுரத்தை நம் காது தேட ஆரம்பிக்கும். 1962இல் பதிவான 'மங்க்ஸ் ட்ரீம்' ஆல்பத்தில் இதே 'பாடி அண்ட் சோல்' தனிப் பியானோவில் இருக்கிறது. கேட்டுவிட்டு வாருங்கள்.

மதுரை வாசகர்: இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு.

ஒப்பிடாமல் புதுசை எப்படிப் பிடிப்பது? இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். சிறு குழுக்களில் நாலு பார் பியானோ, நாலு பார் டிரம்ஸ் என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது உடனே புரியும். இங்கே அளவு குறைந்துகொண்டே வராது, அதுதான் வித்தியாசம்.

மயிலாப்பூர் வாசகர் மூன்றாம் முறை: மங்க் கேட்டேன். அது கமகம் இல்லை. கமகம் இல்லாததன் ஏக்கம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

தாம்பரம் வாசகர்: என் மகளுக்கு எந்த கீபோர்டு வாங்கலாம்?

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவரிடம் கேளுங்கள்.

டொராண்டோ வாசகர்: விஜய் ஐயர் தமிழர் என்பதால் கொண்டாடுகிறோமா, உண்மையிலேயே பெரிய ஆளா?

பெரிய ஆள்தான். அவர் அமெரிக்கக்காரர், 1971இல் பிறந்தவர், பெற்றோர் தமிழர். சின்ன வயதில் முறையாகக் கற்றது வயலின், பியானோ பெரும்பாலும் தானாகப் பிடித்துக்கொண்டது. படித்தது கணிதமும் இயற்பியலும். நம்மவர் என்ற பாசத்தில் எல்லாரும் நேராக 'தீர்த்தா'வுக்குப் போகிறார்கள். பிரசன்னாவின் கிடார், நிதின் மிட்டாவின் தபலாவோடு 2011இல் வந்தது. நல்ல பதிவு. ஆனால் முதலில் 2012இன் 'ஆக்சிலராண்டோ' கேளுங்கள். பாஸ் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். இந்த கில்மோரின் தாத்தா ராய் ஹேன்ஸ். 1968இல் பியானோக் கலைஞர் சிக் கொரியாவின் 'நவ் ஹி சிங்ஸ், நவ் ஹி சாப்ஸ்' டிரியோவில் டிரம்ஸ் வாசித்தவர் அவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, டிரம்ஸின் சிம்பல் தட்டில் விழும் அடியை மட்டும் கவனியுங்கள். போன் ஸ்பீக்கரில் இல்லை.

நெல்லை வாசகர்: ஆர்ட் டேட்டம் வேகமாக வாசிக்கிறார் என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

வேகத்தைத் தாண்டிக் கேட்க, மெதுவான பாட்டு ஒன்றைப் போடுங்கள். மெட்டு மேலே அப்படியே போய்க்கொண்டிருக்கும், அடியில் கார்டுகளை ஒவ்வொன்றாக மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். பார்வை கிட்டத்தட்ட இல்லாதவர். 1953 டிசம்பரில் பதிவுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அவரை ஸ்டூடியோவில் உட்காரவைத்து, என்ன தோன்றுகிறதோ வாசியுங்கள் என்று டேப்பை ஓடவிட்டார். இரண்டே நாளில் 60க்கும் மேற்பட்ட பாட்டுகள், அநேகமாக எல்லாமே முதல் டேக்.

யாழ்ப்பாண வாசகர்: பெண்களின் பதிவு ஒன்றையும் நீங்கள் சொல்லவே இல்லையே?

குற்றம் என்னுடையது. மேரி லூ வில்லியம்ஸின் 'சோடியாக் சூட்', 1945. மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு துண்டுகள், பெரும்பாலும் அந்தந்த ராசியில் பிறந்த நண்பர்களுக்கு. சிலது தனியாக, சிலது பாஸோடும் டிரம்ஸோடும். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் கேட்கலாம்.

விழுப்புரம் வாசகர்: படிக்கும்போது பின்னணியில் ஓடவிட 'ரிலாக்சிங் ஜாஸ் பியானோ' மாதிரி நாலு மணி நேரத் தொகுப்பு ஒன்று?

வேண்டாம். வாசிப்பவர் பெயரே இல்லாத தொகுப்புகள் அவை. மெதுவாக ஓட வேண்டும் என்றால் அகமது ஜமாலின் 'பாயின்சியானா', 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் எடுத்தது. எட்டு நிமிடம். வெர்னல் ஃபூர்னியே டிரம்ஸில் ஒரே தாளத்தை விடாமல் உருட்டுவார், ஜமால் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அதற்குப் பிறகு உங்களுக்குப் படிப்பு ஓடாது.

ஓசூர் வாசகர்: சார், புதுசாக ஆரம்பிக்கிறவர்களுக்கு…

சேலம். மேலே. முதல் கேள்வி.

புதுச்சேரி வாசகர்: நீங்கள் இந்த வாரம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

ஜாரட்தான், ஆனால் கோல்ன் இல்லை. 1990களின் பாதியில் அவரை ஒரு களைப்பு நோய் பிடித்தது, பியானோ பக்கமே போக முடியாமல் போனது. கொஞ்சம் தேறியதும் 1998இல் தன் வீட்டிலேயே பழைய பாட்டுகளைத் தனியாக வாசித்துப் பதிவு செய்தார். 'தி மெலடி அட் நைட், வித் யூ'. கோல்னில் முனகலும் காலால் தட்டலுமாக இருந்தவர் இங்கே ஒரு சுரம் கூடுதலாக வாசிக்கப் பயப்படுகிறார். 2018இல் இரண்டு முறை பக்கவாதம் வந்து இடது கை போய்விட்டது. அது தெரிந்த பிறகு இதில் இடது கையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மெட்டுக்கு அடியில் ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது தேயும்வரை காத்திருக்கும்.