மறு: மகள் கலோரி கணக்குப் பார்த்து சோற்றை ஒதுக்குகிறாள்

சகோதரி, 15 வயது மகள் செயலியில் கலோரி பார்த்து இரவில் சோற்றைத் தொடுவதில்லை, தினமும் சண்டை என்கிறீர்கள். தட்டின் முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம். "இன்னும் ஒரு கரண்டி" என்று கெஞ்சுவதும் அதட்டுவதும் பிடிவாதத்தைத்தான் வளர்க்கும். "குண்டாயிட்டியே" என்று சொல்லும் உறவுக்காரர்கள் வாயை முதலில் அடையுங்கள் (பாதி வினை அங்கேதான்). எல்லோருக்கும் ஒரே சமையல், சேர்ந்து உட்காருங்கள்.

கணக்கை வேறொரு நேரம் பேசலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 13-15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 2400 கிலோ கலோரி தேவை. செயலி காட்டும் 1200 எந்த மூலைக்கு?

அப்புறம், மாதவிலக்கு நின்றாலோ, மயக்கம் வந்தாலோ, எடை மளமளவென இறங்கினாலோ, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.