கடைசி இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறீர்களா?

'மேற்கண்ட தகவல்கள் எந்த முடிவுக்கு மிகவும் வலுச் சேர்க்கின்றன?' என்ற வகைக் கேள்வியில் எப்போதும் இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கா, கனடாவில் சட்டக் கல்லூரியில் சேர எழுதும் எல்சாட் (LSAT) தேர்வுக்குப் படித்தபோது நானும் பல மாதங்கள் அங்கேதான் நின்றேன். எந்த விடை உண்மையாக இருக்கும் என்று யோசிப்பதை விட்டு, எந்த விடைக்குப் பத்தியில் வரி இருக்கிறது என்று தேட ஆரம்பித்த பிறகுதான் தெளிவு வந்தது.

நானே எழுதிய ஒரு பத்தி: ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்டைவிட இரவு ஷிப்டில் விபத்துகள் அதிகம். இயந்திரம், பயிற்சி, வேலை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. இரவில் வெளிச்சத்தைக் கூட்டியதும் இரவு விபத்துகள் பாதியாகக் குறைந்தன. வேறு எதையும் மாற்றவில்லை.

'வெளிச்சக் குறைவுதான் இரவு விபத்துகளுக்கு ஒரே காரணம்' என்ற விடை கையைப் பிடித்து இழுக்கும். ஆனால் வெளிச்சம் வந்த பிறகும் மீதிப் பாதி விபத்துகள் நடக்கின்றனவே! 'இப்போது இரவு ஷிப்டும் பகலைப் போலப் பாதுகாப்பானது' என்பது இன்னும் நுட்பமான வலை. முன்பு பகலைவிட 3 மடங்கு விபத்து நடந்திருந்தால், பாதியான பிறகும் அது ஒன்றரை மடங்கு. முன்பு எத்தனை மடங்கு என்று பத்தி சொல்லவே இல்லை. 'எந்தத் தொழிற்சாலையிலும் வெளிச்சம் கூட்டினால் விபத்து குறையும்' என்பதைப் பார்த்தவுடன் தள்ளிவிடலாம். மிஞ்சுவது, 'இரவு விபத்துகளில் சிலவற்றுக்காவது வெளிச்சக் குறைவும் ஒரு காரணம்'. இதுதான் விடை.

சரி, இதுவும் நூறு சதவீதம் நிரூபணம் ஆகவில்லையே, தற்செயலாகக் குறைந்திருக்கலாமே என்பீர்கள். உண்மைதான். 'கட்டாயம் உண்மையாக இருக்க வேண்டியது எது?' என்ற கேள்வியாக இருந்தால் இந்த விடையும் விழுந்துவிடும். 'மிகவும் வலு' என்று கேட்கும்போது மற்ற விடைகளைவிட நன்றாக நின்றால் போதும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லா விடைகளையும் அடித்துவிட்டுத் திகைத்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அதனால் கேள்வி வரியை முதலில் படியுங்கள்.

'சில', 'கூடும்' போன்ற மென்மையான சொல் இருந்தால் அதையே தேர்ந்தெடு என்று பலர் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். 'உறுப்பினர் எல்லோரும் கட்டணம் கட்டியவர்கள்; கட்டணம் கட்டிய எவருக்கும் அபராதம் இல்லை' என்று பத்தி சொன்னால், 'எந்த உறுப்பினருக்கும் அபராதம் இல்லை' என்ற அழுத்தமான விடைதான் சரி. பத்தியின் அழுத்தத்தை விடை தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டிலிருந்து எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி இல்லை. மதிப்பெண்ணுக்குரிய 3 பகுதிகளில் 2 லாஜிக்கல் ரீசனிங், அதாவது இந்த மாதிரிக் கேள்விகள் வரும் பகுதி; ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். ஆகவே இதற்குச் செலவிடும் நேரம் வீண் போகாது. முதல் சில வாரங்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் பயிற்சி செய்யுங்கள். அப்புறம், தள்ளிய ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், அதைக் கெடுத்த சொல் எது என்று எழுதி வையுங்கள்.